பாக்கெட்டுக்குப் பதிலா டப்பா: செட்டிநாட்டு அடுப்படிய வச்சே பாக்கெட் சாப்பாட்ட குறைக்கிறது எப்படி

எங்க அப்பத்தா காலத்துலயும் அவசரம் இருந்துச்சுங்க. ராத்திரி எட்டு மணிக்கு ரயில விட்டு எறங்கி நாலு சொந்தக்காரவுக முகப்புல வந்து நிப்பாக, லெட்டரும் இல்ல, போனும் இல்ல. அரை மணி நேரத்துல எல போட்டுருவாக. ஒலைய வச்சு சோத்த பொங்கவிட்டுட்டு சுண்டவத்தல வறுத்துப் போட்டு ஒரு கெட்டிக்குழம்பு, பருப்புப்பொடி நெய்யி, மோர்மிளகா, கடைசிக்கு மோரு. எல்லாம் இரண்டாங்கட்டுல, அதாவது வீட்டோட உள்பகுதியில, இருந்த டப்பாவுலயும் ஜாடியிலயும் இருந்து வந்ததுதான்.

இத ஏன் சொல்றேன்னா, பாக்கெட் சாப்பாட்ட விடுங்கன்னு எல்லாரும் சொல்றாக, விட்டுட்டு சாயங்காலம் நாலரைக்கு பிள்ளைக பசியோட பைய தூக்கி எறியுறப்ப என்னத்த குடுக்குறதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாக. நம்ம பக்கம் வறண்ட பூமி, கெடைக்கிறப்ப காயவச்சு, வறுத்து, திரிச்சு வச்சுக்கிட்டாத்தான் பொழப்புன்னு இருந்த ஊரு. அதுனால நம்ம அடுப்படிக்கு அவசர சாப்பாடு புதுசு இல்ல. அந்த டப்பா காலியான எடத்துலதான் பாக்கெட் வந்து ஒக்காந்துருச்சு. நான் செஞ்சதெல்லாம் திரும்ப டப்பாவ ரொப்புனது மட்டுந்தான், அத எந்த வரிசையில செஞ்சேன்னு கீழ எழுதிருக்கேன்.

எனக்கு நாப்பத்தொண்ணு வயசுல டெஸ்ட் எடுத்தப்ப மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 6.1 சதவீதம்னு வந்துச்சு. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் சுகருக்கு முந்தின கட்டம்னு சொல்லுவாக. 2023ல வெளிவந்த ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுல நாட்டுல 10 கோடிக்கு மேல சுகர்காரவுக, அதுக்கும் மேல 13.6 கோடி பேரு இந்த முந்தின கட்டத்துல இருக்காகன்னு போட்டுருந்தாக. கூட்டத்தோட கூட்டமா நானும் நிக்கிறேன்னு ஒரு ஆறுதல், அம்புட்டுத்தான்.

மொதல்ல எது பாக்கெட் சாப்பாடுன்னு ஒரு தெளிவு

இதுல நெறைய பேரு கொழம்பிக்கிறாக. தயிரு, இட்லி மாவு, அப்பளம், கருப்பட்டி, செக்கு எண்ணெ, கருவாடு இதெல்லாமே பக்குவம் பண்ணுனதுதான். அப்ப இதையும் விடணுமான்னு என் நாத்தனா கேட்டாக. வேணாம். பிரேசில் நாட்டுல சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்துல கார்லோஸ் மொண்டேரோன்னு ஒருத்தரு 2009ல சாப்பாட்ட எம்புட்டு தூரம் மாத்திருக்குன்னு பாத்து பிரிக்கிற மொறைய கொண்டுவந்தாரு, இப்ப அதுக்கு நோவான்னு பேரு, நாலு வகை. மொத வகை அரிசி, பருப்பு, காய், பாலு, மீனு மாதிரி இருந்தது இருந்தபடி. ரெண்டாவது எண்ணெ, உப்பு, சீனி, நெய்யின்னு சமைக்க சேக்குறது. மூணாவது இது ரெண்டையும் கலந்து நம்மளே செய்யக்கூடிய மாதிரி ஊறுகா, கருவாடு வகையறா. நாலாவதுதான் நம்ம பேசுற சங்கதி, பிஸ்கட்டு, சிப்ஸு, இன்ஸ்டன்ட் நூடுல்ஸு, பாக்கெட் ஜூஸு, மால்ட் பவுடரு. அடுப்படியில இல்லாத சாமான் உள்ள இருந்தா அது நாலாவது வகைன்னு வச்சுக்கங்க. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் ஒரு கைப்பிடி குடுங்கன்னு எந்த மளிகைக் கடையில போயி கேப்பீக?

சரி, அதுனால என்னன்னு கேட்டா, 2019ல அமெரிக்காவுல கெவின் ஹால்னு ஒரு விஞ்ஞானி குழுவா சேந்து 20 பேர ஒரு எடத்துலயே தங்கவச்சு ரெண்டு வாரம் இந்த நாலாவது வகை சாப்பாடு, ரெண்டு வாரம் சாதா சாப்பாடுன்னு குடுத்துப் பாத்தாக. ரெண்டு தட்டுலயும் கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நாருன்னு அளவு பொருந்தி வர்ற மாதிரிதான் வச்சாக, வேணுங்கிற அளவு சாப்புட்டுக்கங்கன்னு விட்டுட்டாக. பாக்கெட் வகை சாப்புட்டப்ப ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 500 கலோரி கூட உள்ள போயிருக்கு, ரெண்டு வாரத்துல கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறிருக்கு, அந்தப் பக்கம் அதே அளவு எறங்கிருக்கு. வேக வேகமாவும் சாப்புட்டுருக்காக. இதப் படிச்சப்ப எனக்கு பனங்கிழங்கு ஞாபகந்தான் வந்துச்சு. நாரு உரிச்சு, நடுத்தண்ட எடுத்துப்போட்டு, மென்னு முழுங்குறதுக்குள்ள பாதி பசி போயிரும். சிப்ஸு வாயில வச்ச ஒடனே கரைஞ்சுருது, வயித்துக்கு சேதி போறதுக்குள்ள பாக்கெட்டு காலி.

படி 1: ஒரு வாரம் குப்பைய சேத்து வைங்க

எதையும் தூக்கிப் போடாதீக, எதையும் நிறுத்தாதீக. ஒரு மஞ்சப்பைய அடுப்படி ஆணியில மாட்டிட்டு ஏழு நாளைக்கு வீட்டுல பிரிக்கிற ஒவ்வொரு பாக்கெட் ஒறையையும் அதுக்குள்ள போடச் சொல்லுங்க. பால் கவர், அரிசிப் பை வேணாம், மத்ததெல்லாம். ஏழாவது நாளு வளவுல (முற்றத்துல) கொட்டிப் பாத்தப்ப எங்க வீட்டுல ஆறு பேருக்கு 43 ஒறை. அதுல 19 பிஸ்கட்டு. எங்க வீட்டுல அம்புட்டா பிஸ்கட் திங்கிறாகன்னு எங்க மாமியாரு நம்பல, ரெண்டாந்தடவ எண்ணிப் பாத்தாக. இந்த எண்ணிக்கைய எழுதி வச்சுக்கங்க, மூணு மாசம் கழிச்சு வேணும்.

படி 2: பின்னாடி பக்கத்த படிக்கப் பழகுங்க

முன்னாடி எழுதிருக்கிறது வெளம்பரம், பின்னாடி பொடி எழுத்துல இருக்கிறதுதான் சங்கதி. சாமான் பட்டியல்ல எது அதிகமா இருக்கோ அதத்தான் மொதல்ல போடணும், எடை எறங்குற வரிசையில, அது சட்டம். ராகி பிஸ்கட்டுன்னு கொட்டையா போட்டு வித்தாலும் பின்னாடி மொத பேரு மைதா, ரெண்டாவது சீனி, ராகி நாலாவதோ அஞ்சாவதோன்னா அது மைதா பிஸ்கட்டுதான்.

சீனிக்கு ஒரு கணக்கு: 4 கிராமுன்னா ஒரு டீஸ்பூன். ஒரு ஜூஸ் டப்பா 200 மில்லி, 100 மில்லிக்கு 12 கிராம்னு போட்டுருந்தா மொத்தம் 24 கிராம், ஆறு ஸ்பூன். நீங்க வீட்டுல போடுற காப்பியில ஆறு ஸ்பூன் போட்டா கையப் பிடிச்சு நிறுத்திருவாக. உப்புக்கு, சோடியம்னு போட்டுருக்கிற மில்லிகிராம ரெண்டரையால பெருக்குங்க. 1000 மில்லிகிராம் சோடியம்னா 2.5 கிராம் உப்பு. ஒலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள்ளதான்னு சொல்றாக, அதுல பாதி ஒரே தட்டுல முடிஞ்சுபோகும்.

ஒறையில 100 கிராமுக்கு எவ்வளவு, ஒரு தடவைக்கு எவ்வளவுன்னு ரெண்டு கணக்கு இருக்கும், அதுலதான் ஏமாத்து வேல. ஒரு தடவைக்குன்னு ரெண்டு பிஸ்கட்ட சொல்லிருப்பாக. ரெண்டோட யாரு நிறுத்துறா?

அப்பறம் ஐ.என்.எஸ் நம்பரு, அதாவது பண்டத்துல சேக்குற சேர்மானத்துக்கு ஒலகம் பூராவும் வச்சுருக்கிற நம்பரு. நம்பர் இருந்தாலே வெஷம்னு வாட்ஸ்அப்ல சுத்துற கதைய நம்பாதீக. 330ங்கிறது சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில இருக்கிற அதே புளிப்புதான். நம்பர் பட்டியல் நீளமா போகுதுன்னா பண்டம் ஃபேக்டரியில ரொம்ப தூரம் வந்துருக்குன்னு அர்த்தம், அந்த அளவுக்கு பாத்தா போதும். இதயத்துக்கு ஆகாத டிரான்ஸ் கொழுப்பு 2022 ஜனவரியில இருந்து எண்ணெ கொழுப்புல 2 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு விதி வந்துருச்சு, அது ஒரு நல்ல காரியம்.

படி 3: குடிக்கிறத மொதல்ல மாத்துங்க

திங்கிறத மாத்துறதுலதான் வீட்டுல சண்டை வரும், குடிக்கிறதுல அம்புட்டு வராது. பிள்ளைகளுக்கு பால்ல கலக்குற மால்ட் பவுடர எடுத்துக்கங்க, 2024 ஏப்ரல்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமே இந்த மாதிரி பானங்கள ஆன்லைன் கடையில ஹெல்த் டிரிங்க்னு வகைப்படுத்தி விக்காதீகன்னு சொல்லிருச்சு, ஏன்னா அப்படி ஒரு வகையே சட்டத்துல இல்ல. ஒரே நாள்ல நிறுத்துனா மகன் பாலயே தொடமாட்டான்னு தெரியும். அதுனால மூணு ஸ்பூன ரெண்டாக்கி, ஒரு வாரம் கழிச்சு ஒண்ணாக்கி, அப்பறம் ராகியும் பாதாமும் ஏலக்காயும் வறுத்துத் திரிச்ச பொடிய அதே பழைய டப்பாவுலயே கொட்டி வச்சேன். டப்பா மாறலங்கிறதுனால பாதி சண்டை கொறஞ்சுச்சு. இந்தப் பொடிய சும்மா பால்ல கலக்குனா திரி திரியா நிக்கும், தண்ணியில கரைச்சு காச்சி அப்பறம் பால் ஊத்தணும்.

வெயில் காலத்துக்கு நீர்மோரு, நுங்கு, கம்மங்கூழு, காலையில நீராகாரம். மழைக்கு சுக்குமல்லி. பானகமும் பதநீரும் நம்மூரு சாமான்தான், ஆனா சீனிக்கணக்குல அதுகளும் வரும், தெனமும் ரெண்டு சொம்பு குடிச்சுட்டு இயற்கைன்னு சொல்லிக்கக்கூடாது.

படி 4: நாலரை மணிக்கு ஒரு பதில் வச்சுக்கங்க

என்னையக் கேட்டா இந்த மொத்த காரியமும் ஜெயிக்கிறதும் தோக்குறதும் இந்த ஒண்ணரை மணி நேரத்துலதான். காலையில இட்லி, மத்தியானம் சோறு, அதுல எல்லாம் பாக்கெட் வராது. நாலரையில இருந்து ஆறுக்குள்ளதான் வரும். அந்த நேரத்துல கைய நீட்டுனா எடுக்கிற தூரத்துல வேற ஒண்ணு இருக்கணும், செஞ்சு தாரேன் பொறுன்னா ஆகாது, பசிக்கு காது கிடையாது.

நான் வச்சுருக்கிற ஏற்பாடு இதுதான். ஞாயித்துக்கெழம ராத்திரியும் புதன்கெழம ராத்திரியும் கால் கிலோ கொண்டக்கடலையோ தட்டப்பயறோ மொச்சையோ ஊறப்போட்டுருவேன். எட்டு மணி நேரம் ஊறணும், காலையில உப்பு போட்டு குக்கர்ல அஞ்சாறு விசில் (தட்டப்பயறுக்கு மூணு போதும், இல்லாட்டி கொழைஞ்சுரும்). தண்ணிய வடிச்சு டப்பாவுல அடைச்சு ஃபிரிட்ஜ்ல வச்சா மூணு நாளைக்கு வரும். சாயங்காலம் ரெண்டு கைப்பிடி எடுத்து கடுகு, வரமிளகா, கருவேப்பிலை தாளிச்சு தேங்காயத் தூவுனா அஞ்சு நிமிசம். வடிச்ச தண்ணிய கொட்டாதீக, ரசத்துக்கு ஆகும்.

இது போக அவிச்ச வேர்க்கடலை, தை மாசம் பனங்கிழங்கு, சீனிக்கிழங்கு, கொய்யாப்பழம், பொரியும் பொட்டுக்கடலையும். இனிப்புக்கு ரெண்டு டப்பா. ஒண்ணு மாவுருண்டைக்கு, பாசிப்பருப்ப வாசம் வர்ற வரைக்கும் வறுத்துத் திரிச்சு வச்சுக்கிட்டா வேணுங்கிறப்ப நெய்ய உருக்கி ஊத்தி உருட்டுறதுதான். சீனி கால்பங்கு போதும், பழைய பக்குவத்துல சரிபாதி போடுவாக. இன்னொண்ணு கும்மாய மாவு. உளுந்து, பாசிப்பருப்பு, கொஞ்சம் பச்சரிசி, தனித்தனியா வறுத்து ஒண்ணா மில்லுல குடுத்து திரிச்சு வச்சுக்கிட்டா ரெண்டு மாசத்துக்குக் கவலை இல்ல. கருப்பட்டியக் கரைச்சு வடிகட்டி, மாவக் கரைச்சு, நெய்ய விட்டு கைவிடாம கிண்டுனா கால் மணி நேரத்துல கும்மாயம். ஆடிக்குத்தான் செய்யணும்னு யாரு சொன்னா?

ஒரு விசயம் ஒளிக்காம சொல்லிடுறேன். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை எல்லாமே சீனிதான். வாசம் உண்டு, கொஞ்சம் தாது உண்டு, ஆனா சுகர் இருக்கிறவுகளுக்கு ரத்தத்துல ஏறத்தான் செய்யும். கருப்பட்டி சுகர ஏத்தாதுன்னு சொல்லி எங்க சொந்தத்துலயே ஒரு பெரியவுக தெனம் ரெண்டு வேளை கருப்பட்டிக் காப்பி குடிச்சு ரொம்ப சிரமப்பட்டுட்டாக.

தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம் பத்தியும் கேப்பீக. நம்ம பலகாரம்தான், உள்ள என்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா எனக்குத் தெரியும், ஆனா எண்ணெயில பொரிச்சது. அப்பத்தா அத தூக்குச்சட்டியில அடைச்சு பரண்மேல வச்சதுக்கு எலி மட்டும் காரணம் இல்ல. தீபாவளி, கல்யாணம், மகளுக்கு சீரு, அதுக்குத்தான் எறங்கும். இப்ப தெருவுக்கு ரெண்டு பலகாரக் கடை வந்து கால் கிலோ கால் கிலோவா தெனம் வாங்குறோம், அதையும் மஞ்சப்பை கணக்குல சேத்துக்கங்க.

படி 5: அரிசிய கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க

இங்கதான் நான் மொதல்ல சறுக்குனேன். உற்சாகத்துல ஒரே நாள்ல வெள்ளை அரிசிய நிறுத்திட்டு வரகு, சாமைன்னு மாறி மாறி பொங்குனேன், நாலாவது நாளு எங்க வீட்டுக்காரவுக ஹோட்டலுக்குப் போயி சாப்புட்டுட்டு வந்துட்டாக. அப்பறந்தான் புத்தி வந்து வாரத்துக்கு ரெண்டு வேளைன்னு ஆரம்பிச்சேன். இட்லிக்கு நாலு பங்கு அரிசியில ஒரு பங்க குதிரைவாலியா மாத்துனா யாருக்கும் தெரியாது. ரெண்டு பங்கு மாத்துனா தெரியும், ஆனா சாப்புடுவாக. கேழ்வரகு அடை, கம்பு தோசை ராத்திரிக்கு. கேழ்வரகுல 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, தானியத்துல அதுக்கு கிட்ட வர்றது எதுவும் இல்ல.

கவுனி அரிசி நம்ம வீட்டு விசேஷ எலையில தவறாம வர்றது, கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி யாவாரம் பண்ண, போனவுக பர்மாவுல இருந்து கொண்டாந்ததுன்னு சொல்லுவாக. நம்ம ஆளுக அத சீனியும் நெய்யும் தேங்காயும் போட்டு இனிப்பா மட்டும் பாத்துட்டோம். உப்புப் போட்டு கஞ்சியா வச்சுப் பாருங்க. ராத்திரியே ஊறப்போட்டு, ஒண்ணுக்கு மூணு தண்ணி வச்சு, குக்கர்ல ஏழு விசில், அப்பறம் ஆவி தானா அடங்க விடணும். ஊறவச்ச தண்ணியிலயே வேகவைங்க, அந்தக் கருநீலம் எறங்குறதெல்லாம் நாவப்பழத்துல இருக்கிற அதே சாயச்சத்துதான். மென்னு தின்ன நேரம் ஆகும், அதுதான் வேணும்.

இருந்தாலும் அரிசிய மாத்துறத விட அரிசியக் கொறைக்கிறது முக்கியம்னு எனக்குப் படுது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல குடுத்த வழிகாட்டியில 2000 கலோரி சாப்பாட்டுக்கு தானியம் 250 கிராம், காய் கீரை 400 கிராம், பருப்பு பயறு 85 கிராம்னு சொல்லிருக்காக. நம்ம தட்டுல சோறு மலையா, காய் கரண்டியளவுல ஓரத்துல. 400 கிராம் காய எப்புடி திங்கிறதுன்னா மண்டிதான் வழி. அரிசி கழுவுன ரெண்டாந்தண்ணியில புளியக் கரைச்சு வெண்டைக்கா, மொச்சை, மாங்கா, சின்ன வெங்காயம், பூண்டுன்னு போட்டு வைக்கிற மண்டியில கொழம்ப விட காய் ஜாஸ்தி. கோஸ்மல்லியும் அப்படித்தான், இட்லிக்கு அத ஊத்திக்கிட்டா தெரியாமயே ஒரு கத்திரிக்கா உள்ள போயிரும்.

படி 6: மாசம் ஒரு நாளு பொடி வேல

கடை மசாலா பாக்கெட்ல ஒண்ணும் பெரிய குத்தம் இல்ல, நல்லதும் இருக்கு. ஆனா செட்டிநாட்டு மசாலான்னு போட்டு கல்பாசியும் மராட்டி மொக்கும் பேருக்குப் போட்டு மிளகாயும் உப்பும் தூக்கலா இருக்கிறத நம்மூர்க்காரவுகளே வாங்கி ஊத்துறதப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சல். குழம்புப் பொடிக்கு எங்க வீட்டு அளவு: மல்லி அரைக் கிலோ, வரமிளகா கால் கிலோ, சீரகம், சோம்பு, மிளகு தலா 50 கிராம், துவரம்பருப்பு 50, காஞ்ச மஞ்சள் ரெண்டு துண்டு. வெயில்ல ஒரு நாளு காயவச்சு மில்லுல திரிச்சு, சூடு ஆறுன பெறகு அடைக்கணும், சூடோட அடைச்சா கட்டி விழுந்துரும்.

பருப்புப்பொடி வீட்டுலயே மிக்சியில. துவரம்பருப்பு ஒரு கப், பொட்டுக்கடலை கால் கப், மிளகா ஆறு, மிளகு சீரகம் ஒரு ஸ்பூன், பெருங்காயம், உப்பு. பருப்ப எண்ணெ விடாம செவக்க வறுக்கணும், அவ்வளவுதான் ரகசியம். நூடுல்ஸ் கேக்குற பிள்ளைகளுக்கு இடியாப்பத்தப் பிழிஞ்சு காய் போட்டு தாளிச்சுக் குடுக்கிறேன். அதுவும் நூலு நூலாத்தான இருக்குன்னு மகள் ஒத்துக்கிட்டா, மகன் ஒத்துக்கல.

வத்தல், மோர்மிளகா, ஊறுகா, உப்புக்கண்டம், கருவாடு எல்லாம் டப்பா சாமான்தான், ஆனா உப்பு மூட்டை. ரத்தக்கொதிப்பு இருந்தா கணக்கா எடுத்துக்கங்க. வத்தல போடுற அன்னைக்கு கொழம்புல உப்ப கொறச்சுப் போடணும். இயற்கைன்னு சொல்லி அயோடின் இல்லாத கல்லுப்புக்கு மொத்தமா மாறாதீக, அயோடின் சேத்த கல்லுப்பே கெடைக்குது. செக்கு எண்ணெ வாசமானது, எனக்கும் புடிக்கும், ஆனா கிராமுக்கு 9 கலோரிங்கிறது செக்குக்கும் ரீஃபைண்டுக்கும் ஒண்ணுதான். அளந்து ஊத்துங்க.

செலவு

கூடும்னு பயப்படுறாக. கிலோவுக்கு மாத்திப் பாருங்க. பத்து ரூவா சிப்ஸ்ல 25 கிராம் இருந்தா கிலோ 400 ரூவா. அந்தக் காசுக்கு வேர்க்கடலை எம்புட்டு வாங்கலாம்னு சந்தையில விசாரிச்சுக்கங்க. கூடுறது நேரம்தான், எனக்கு வாரத்துக்கு மூணு மணி நேரம் போகுது. அத நான் ஒருத்தியே செய்யல. கீரை ஆயுறது எங்க வீட்டுக்காரவுக, சின்ன வெங்காயம் உரிக்கிறது மாமியாரும் மகளும், டிவி பாத்துக்கிட்டே. பொம்பள ஒருத்தி தலையில மொத்தத்தையும் கட்டுனா ரெண்டாவது மாசமே பாக்கெட் திரும்ப வந்துரும், அதுல தப்பும் இல்ல.

யாரு கவனமா இருக்கணும்

சுகர் மாத்திரை, இன்சுலின் போடுறவுக திடீர்னு சோத்தக் கொறச்சா சுகர் கீழ விழுந்துரும், டாக்டர்கிட்ட சொல்லிட்டு மருந்து அளவ பாத்துக்கிட்டு மாத்துங்க. கிட்னி கோளாறு இருக்கிறவுகளுக்கு எளநீ, கீரை, பயறுன்னு நான் சொன்னதுலயே பாதி ஆகாமப் போகலாம், அவுகளுக்கு டாக்டர் குடுக்கிற பட்டியல்தான். இதுவரைக்கும் பயறே அதிகம் திங்காதவுக கொஞ்சமா ஆரம்பிங்க, மொத வாரம் வயித்துல வாயு கட்டும், பெருங்காயமும் சுக்கும் சேத்துக்கங்க, தண்ணி நல்லா குடிங்க.

மூணு மாசம் கழிச்சு

மஞ்சப்பைய திரும்ப மாட்டுனேன். 43 இருந்தது 14. எனக்கு சுகர் 5.8க்கு எறங்கிருந்துச்சு, ஆனா அந்த மூணு மாசமும் சாயங்காலம் காரைக்குடி செக்காலைப் பக்கம் அரை மணி நேரம் நடக்கவும் செஞ்சேன், அதுனால எல்லாத்தையும் சாப்பாட்டுக் கணக்குல எழுத முடியாது. 14ல ஏழு பிஸ்கட் ஒறை எங்க மாமனாருது. எம்பத்திரண்டு வயசு, காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு டீயில ரெண்டு பிஸ்கட்ட நனைச்சு சாப்புட்டுட்டுத்தான் பேப்பரத் தொடுவாக. அதுல நான் கைய வைக்கல.